நாற்பத்தொன்றும் ஆண்

நாள் 118 — 09:10
நிலவின் தென்முனை, மீன் கூடம். எழுதுபவர்: ஞானசிகாமணி, மீனினப்பெருக்க ஆய்வாளர். இங்கே வேறு யாரும் இல்லை.

வெப்பம் 26. மேற்கு ஆப்பிரிக்கச் சிக்லிட் இணை தேங்காய்ச் சிரட்டைக்குள் இட்ட முட்டைகள் பொரிந்துவிட்டன. தாய், ஏழாம் எண், மிஞ்சியிருக்கும் ஒரே பெண். வயிறு நாவல்பழ நிறத்தில் இருக்கிறது.

வழக்கம்போல் மூன்று காய்ந்த பாதாம் இலைகளைத் தண்ணீரில் போட்டேன். நாகர்கோவில் வீட்டு மரத்து இலைகள். தடையை மீறிச் சட்டை மடிப்பில் ஒளித்துக் கொண்டுவந்தவை. முட்டைக்கும் குஞ்சுக்கும் பூஞ்சை வராது. மேசையில் உட்கார்ந்து ஆராய்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது.

நாள் 240-இல் மாற்று ஆளுடன் பூமியிலிருந்து கலம் வரும். அதற்குள் இனத்தைத் தொடரப் பெண் குஞ்சுகள் வேண்டும். இல்லையென்றால் கூடம் புவனேந்திரன் கைக்குப் போகும். என்னோடு கல்லூரியில் படித்தவன். என் கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டுக்கொண்டவன். இன்று பூமியில் கட்டுப்பாட்டறைத் தலைவன்.

நாள் 211 — 11:30
குஞ்சுகளை வலையில் எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தொன்றும் ஆண்.

இது தற்செயல் அல்ல. குஞ்சுகளின் முதல் மாதத்தில் தண்ணீர் அமிலமேறிப் புளித்திருந்தால் இந்த மீனில் ஆண்கள் பெருகும். எனக்குத் தெரியும். புவனேந்திரனுக்கும் தெரியும்; என்னிடம் கற்றதுதான்.

அறிக்கை அனுப்பவில்லை.

நாள் 212 — 14:25
பிடித்துவிட்டேன். தொட்டியின் மருந்து பம்ப் 14:20-க்குத் தானாக ஓடியது. ஆணை பூமியிலிருந்து. பம்பின் பதிவைப் பார்த்தால், ஒரு மாதமாகத் தினமும் இதே நேரம். கட்டுப்பாட்டறை ரெஜினாவிடம் கேட்டேன்.

"அது சும்மா பராமரிப்பு சார். சாப்டீங்களா? குரலே சரியில்லையே."

என் குரலைப் பற்றி யார் கேட்டார்கள்? பின்னாலிருந்து புவனேந்திரன்:

"என்னடே சிகாமணி, எல்லாம் ஆம்பளப் பயக்கதானா? பொண்ணு பாக்கட்டா?"

அவனுக்கு எப்படித் தெரியும்?

நாள் 213 — 10:05
பம்பின் கம்பியை வெட்டினேன். அமிலமானி 5.8 காட்டுகிறது; ஏழுக்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு. அதுவும் அவன் பொருத்தியதுதான், நம்பமாட்டேன்.

ஏழாம் எண் மறுபடி முட்டையிட்டிருக்கிறாள். இன்னும் ஒரு வாய்ப்பு. இம்முறை எட்டு இலைகள். அவளுக்கு எதுவும் வந்துவிடக் கூடாது.

பூமியிலிருந்து மூன்று செய்திகள். திறக்கவில்லை.

நாள் 216 — 08:40
மானி 4.3. பொய்.

அவள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து தவிக்கிறாள். முட்டைகள் வெளுத்துவிட்டன. இன்னும் இரண்டு இலை போட்டேன்.

நாள் 216 — 16:15
ஏழாம் எண் போய்விட்டாள். சிரட்டைக்குள்ளேயே. வயிற்று நிறம் இன்னும் மாறவில்லை. ஆண் வாசலில் காவல் நிற்கிறது. எடுக்கப் போனால் விரலைக் கடிக்கிறது.

செய்தியைத் திறந்தேன். புவனேந்திரன். சிரிப்பு இல்லை.

"அடம்பிடிக்காதடே. பம்புல போறது சமையல் சோடா. ஒன் தண்ணி மாசக்கணக்கா புளிச்சிட்டே போவுது, எதுக்குன்னு புரியல. அந்த அளவப் பாத்துதான் எல்லாம் ஆணா இருக்கும்னு நெனச்சேன். அடுத்த ஈட்டுக் குஞ்சுகளையாவது காப்பாத்தலாம்னு பாத்தோம். ஒனக்கிட்ட சொன்னா நீ கம்பிய வெட்டிப்போடுவியோன்னு ரெஜினா பயந்தா. நீ தண்ணியில எதையாவது போடுதியா?"

நாள் 217 — 09:00
பம்பின் கலத்தைத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். சோடாதான்.

இருபது வருடம் ஊரில் இதே இலையைப் போட்டேன். ஒன்றும் ஆனதில்லை. அது போர்வெல் தண்ணீர். இலை இறக்கும் புளிப்பை அதிலிருந்த உப்பு தாங்கியது. இங்கே மறுசுழற்சித் தண்ணீர். ஒரு சிட்டிகை உப்பு கிடையாது.

மிச்ச இலைகளைக் கழிவுக் குழாயில் தள்ளினேன். நாள் 118 பதிவில் இலைகளைப் பற்றிய வரிகளை அழிக்கப் பார்த்தேன். முடியவில்லை. பதிவு பூட்டப்பட்டிருக்கிறது.

யார் பூட்டியது என்று எனக்குத் தெரியாதா?