ஓட்டை போட்ட கேன்கள்

மதினி,

இன்று நம் தெருமுனையில் சுற்றுச்சூழல் விழா. தலைமை, நீங்கள் மருந்தடிப்புக்கு ஹோஸ் இழுத்த திராட்சைத் தோட்டத்தின் முதலாளி. பூமியைக் காப்பாற்றச் சொல்லி நெகிழ்ந்து பேசினார். பூமி மறுப்பேதும் சொல்லவில்லை. பிறகு பிள்ளைகளுக்கு எலுமிச்சைச் சாறு. நீலக் கேனின் மூடியைத் திருகியதும், எலுமிச்சையை மீறி அந்த வாசம் வந்தது. எத்தனை அலசினாலும் உங்கள் சேலையை விட்டுப் போகாத வாசம்.

அந்தக் காலத்தில் பூச்சிமருந்து தீர்ந்த கேன் என்றால் நமக்குப் பரிசு மாதிரி. வாய்க்காலில் கழுவி, வீட்டில் குடிதண்ணீர் பிடித்து வைப்போம். அப்படி வைத்த தண்ணீரைக் குடித்து உங்கள் மகள் நுரைதள்ளிப் பிழைத்தாள். மறுநாளே கோணி ஊசியைக் காய்ச்சி, தெருவிலும் தோட்டத்திலும் கண்ணில் பட்ட கேனிலெல்லாம் ஓட்டை போட்டீர்கள்.

"நல்ல கேனை நாசம் பண்றியே, கிறுக்கா ஒனக்கு?" என்றார்கள் பெண்கள்.

"ஆமா, ஒம் புள்ளைக்கும் சேத்துத்தான் கிறுக்குப் புடிச்சிருக்கு, போ."

முதலாளியும் கத்தினார். "இதுல ஒரு சொம்பு தண்ணி குடிங்க மொதலாளி, ஓட்டைய நானே அடைச்சுத் தாரேன்" என்றீர்கள். உங்களை வேலைக்கு வரக்கூடாதென்றார். அது கொத்து வெட்டும் பருவம். திட்டிய பெண்களில் ஒருத்திகூடத் தோட்டத்துக்குப் போகவில்லை. பழுத்த திராட்சை காத்திருக்காதே, முதலாளிதான் தெருவுக்கு வந்தார். பிறகு ஓட்டையில்லாத கேன் எதுவும் தோட்டத்தை விட்டு வெளியே வரவில்லை.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று நான் சொன்னபோது சிரித்தீர்கள். "சுத்துச்சூழலா? அதெல்லாம் படிச்சவுக பேசுறாக கொழுந்தனாரே. எனக்குப் புள்ள குடிக்கிற தண்ணி, அம்புட்டுத்தான்."

கடைசியில் உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது உங்கள் தொழிலைக் கேட்டார்கள். கூலி என்றோம். எழுதிக்கொண்டார்கள். என்ன கூலி என்று யாரும் கேட்கவில்லை; நாங்களும் சொல்லவில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்ததோடு ஊசியும் ஓய்ந்தது. கேன்கள் மறுபடி வீடுகளுக்கு வந்தன.

இன்று நான் அந்தக் கேனை உதைத்துத் தள்ளினேன். சாறு முழுவதும் புதிதாக நட்ட கன்றுக்குப் போயிற்று. "என்ன பெரியவரே, விழாவைக் கெடுத்துட்டீகளே!" என்றார் மைக் பிடித்தவர். அதற்குள் ஒரு சிறுமி குடித்திருந்தாள். வாந்தியெடுத்தாள். அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தோம். உள்ளே வைத்திருக்கிறார்கள். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வந்ததும் அவள் தாயிடம் கேட்டார்கள், என்ன வேலை என்று. "கூலிங்க" என்றாள்.

"திராட்சைத் தோட்டத்துல மருந்தடிப்புக்கு ஹோஸ் இழுக்குறாக. புள்ள குடிச்சது இந்தக் கேன்ல" என்று சொல்லி, லேபிள் தெரியும்படி அதை மேசைமேல் வைத்தேன்.

ஓட்டை போட்டுத்தான் கொண்டுவந்தேன், மதினி. உங்கள் ஊசி என்னிடம்தான் இருக்கிறது.