ஊதச் சொன்ன மதினிக்கு

மதினி,

இன்று காலை வேனைக் கழுவிக் கூட்டும்போது டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு கிராம்புப் பொட்டலம் கிடைத்தது. பிரித்ததும் குப்பென்று அடித்த வாசத்தில் உங்கள் முகம்தான் முன்னால் வந்து நின்றது. கட்டிய புருஷனின் பொட்டலத்தை முகர்ந்தால் அடுத்தவள் முகம் தெரிகிறது. என் பிழைப்பைப் பாருங்கள்.

இன்றைக்குக் கம்பெனியில் போனஸ் நாள். ஆம்பிளைகள் கையில் காசோடு நேரே சாராயக் கடைக்குப் போகிற நாள். பொட்டலம் பழையதா புதியதா என்று தெரியவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு வேலைக்குப் போனேன். கேட்டில் சோதனை போடுகிற அம்மா முடிச்சைத் தடவிப் பார்த்து, "கிராம்பா? போ" என்றாள்.

பட்டாசு ஆலைக்குள் தீப்பெட்டி போகக்கூடாதென்று மடியைத் தடவிப் பார்க்கும் அந்த வழக்கத்தை வேன் வாசலுக்குக் கொண்டுவந்தது நீங்கள்தான். எங்களை ஏற்றிப்போகும் வேனை ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். நீங்கள் ரத்த உறவு இல்லை. ஒரே தெரு, ஒரே கம்பெனி. அவர் உங்களை அக்கா என்பார், அதனால் எனக்கு மதினி. முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "ஏலே, ஊதுலே" என்பீர்கள். வீட்டில் புலியாக உறுமுகிறவர் உங்கள் முகத்துக்கு நேரே குனிந்து ஊதுவார்.

"கிராம்பு மணக்குதே? அப்ப குடிச்சிருக்க. சாவிய இங்கன குடு."

கொடுத்துவிடுவார். நாங்கள் டவுன் பஸ்ஸில் போய், பாதி நாள் கூலியை விட்டுவிட்டு நிற்போம். பொம்பளைகள் உங்களையும் ஏசவில்லை, அவரையும் ஏசவில்லை. "புருஷன அடக்கத் தெரியல" என்று என்னைத்தான் ஏசினார்கள்.

எனக்கு வயிறு எரியும். நான் சாவியைக் கேட்டால் வீட்டில் செம்பு பறக்கும். இருக்கன்குடிக் கோயிலுக்குக் கூட்டிப்போய், இனிக் குடிக்கக்கூடாதென்று கயிறு கட்டிவிட்டேன். கயிற்றில் மஞ்சள் காயும் முன்னே குடித்தார். சாத்தூர் ரோட்டில் போலீஸ் மடக்கிக் குழாயில் ஊதவைத்து லைசென்ஸை மூன்று மாதம் முடக்கியது. அபராதம் கட்ட என் கம்மல் போனது. தமிழ்நாட்டில் விற்பதும் சர்க்கார், ஊதச் சொல்வதும் சர்க்கார் என்று நான் புலம்பியபோது நீங்கள் சிரித்தீர்கள். "சட்டம் ரோட்டுல என்னைக்காவதுதான் நிக்கும் பிள்ள. நான் தெனமும் நிக்கேன்ல?"

அந்த ரோட்டில்தான் உங்களைப் பறிகொடுத்தோம். வெம்பக்கோட்டைக்குப் பிரியும் விலக்கில் பட்டப்பகலில் பஸ்ஸுக்கு நின்றிருந்தீர்கள். விருந்தில் குடித்துவிட்டு வந்தவன் காரை உங்கள் மேல் ஏற்றிவிட்டான். இப்போது ஜாமீனில் இருக்கிறான். கோர்ட்டில் வாய்தாவுக்கு மேல் வாய்தா. தகவல் கேட்டு முதலில் ஓடியது என் வீட்டுக்காரர். கார்க்காரனைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாராம். வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடாமல் ஒன்றே ஒன்று சொன்னார்: "அவன் வாயில அடிச்சது என் வாடதான்."

அன்றோடு குடியை விட்டார்.

நான் சந்தோஷப்பட வேண்டியவள். பொறாமையாக இருக்கிறது மதினி. என் தாலிக்கு விடாதவர், பெற்ற பிள்ளைகளுக்கு விடாதவர், உங்களுக்கு விட்டார். உயிரோடு இருந்தால் சண்டையாவது போடலாம். செத்தவளோடு எப்படிப் போட்டி போடுவது?

சாயங்காலம் போனஸ் வாங்கி, ஸ்வீட் பாக்ஸும் கையுமாக வேன் பக்கத்தில் நின்றோம். அவரைக் காணோம். எங்களைத் தாண்டி ஆம்பிளைகள் பைக்கில் கும்பலாகக் கடைப் பக்கம் போனார்கள். ஒருத்தியும் வேனில் ஏறவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் வந்தார். நேரே முன் ஜன்னலுக்குப் போனார். நீங்கள் போனபின் யாரும் உட்காராத அந்தக் காலிச் சீட்டுக்கு நேரே குனிந்து ஊதினார்.

இத்தனை பேர் முன்னால் பெண்டாட்டி நான் நிற்கிறேன், அவர் இல்லாத உங்களிடம் ஊதுகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவைத் திறந்து உங்கள் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"அங்கன யாரு இருக்கா? எங்கிட்ட ஊதுங்க."

முழித்தார். பிறகு குனிந்து ஊதினார். சாராயம் இல்லை, கிராம்பு இல்லை. மத்தியானத்துக்கு நான் கட்டிக்கொடுத்த புளிச்சோறு மணத்தது.

"ஏறுங்கடி" என்றேன் பொம்பளைகளிடம். குரல் உங்கள் குரல் மாதிரியே வந்தது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கிராம்பைத் தூர எறியவில்லை. தீபாவளிக் கறிக்குழம்பில் போட்டுத் தீர்த்துவிடுவேன். சீட்டு இனி என்னுடையது. நாளைக்கும் நான்தான் ஊதச் சொல்வேன். நீங்களே திரும்பி வந்து கேட்டாலும் எழுந்திருக்க மாட்டேன் மதினி. வேண்டுமானால் வந்து கேட்டுப் பாருங்கள்.