மாப்பிள்ளை மீனுக்குப் புதுத் தண்ணீர்

சங்கரன்கோவில்,
ஆடித்தபசு அன்று காலை.

என் மகன் பிரவினுக்கு அம்மா எழுதுகிறேன். நீ காவல் நிற்கிற அந்தப் பனிமலையில் சளி, இருமல் அண்டாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று கோமதி அம்மனிடம் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும். எழுதக் கை வரவில்லை மக்கா. உடனே பயந்துவிடாதே, அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, மாத்திரையை விடாமல் போடுகிறார், பிரஷர் சரியாக இருக்கிறது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். சுகமில்லாமல் கிடப்பது மீன். நீ லீவு முடிந்து போகும்போது அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாயே அந்த ஃபைட்டர் மீன், நீ பெட்டா என்பாய், பட்டு வேட்டியை விரித்துக்கொண்டு அலைகிறது என்று நான் மாப்பிள்ளை என்பேன், அதுதான்.

ஒரு மீனுக்குப் போய் அம்மை இந்தப் பாடு படுகிறாளே என்று நீ சிரிக்க மாட்டாய், உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததிலிருந்து அப்பா எந்தப் பயிற்சிக்காவது ஒத்துழைத்தாரா? ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்து இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது. பேச்சு குழறுகிறது என்று வெட்கப்பட்டு வாயையும் திறப்பதில்லை. நீதான் அவர் கட்டிலுக்கு எதிரே அந்தக் கண்ணாடித் தொட்டியை வைத்து, செடி நட்டு, தீனியை வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டால்தான் இந்த ஜாதி மீன் தின்னும் என்று ஒரு புளுகையும் அவிழ்த்துவிட்டுப் போனாய். அவர் அதை நம்பினாரோ, நம்பின மாதிரி நடித்தாரோ, காலையும் சாயங்காலமும் தீனி டப்பாவோடு உட்கார்ந்துவிடுவார். கடுகைவிடப் பொடிசான உருண்டை. முதலில் எல்லாம் பாதி மடியில் சிந்தும், எனக்குப் பார்க்கப் பொறுக்காது. தறியில் அறுந்த நூலைப் பார்க்காமலே முடிச்சுப் போட்ட விரல்களாயிற்றே. இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர ஆரம்பித்திருக்கிறது. இந்த நேரத்தில் விட்டுவிட்டால் விரல் அப்படியே மடங்கி இறுகிப்போகும், பிறகு நிமிர்த்த முடியாது என்று போன தடவை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். மீன் தின்னாததால் அப்பா டப்பாவைத் தொடவே இல்லை. கையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். என் கவலை இதுதான்.

இதற்குக் காரணம் யார் என்று கேட்பாய். நான்தான், வேறு யார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் புற்றுமண் எடுத்துவந்தேன். வழக்கம்போல் அப்பா நெற்றியிலும் அந்தக் கையிலும் பூசிவிட்டேன். மாப்பிள்ளைக்கு வால் ஓரத்தில் லேசாகக் கிழிந்திருந்தது, ஊரில் தேள் கடித்தவன், படை வந்தவன் எல்லாம் பூசிக்கொள்கிற மண், வாயில்லா ஜீவனுக்கு மட்டும் வேண்டாமா என்று தொட்டிக்குள்ளும் ஒரு சிட்டிகை போட்டேன். போட்டதும் தண்ணீர் கலங்கிப் பழுப்பாகிவிட்டது. அப்பா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார், எழுந்து பார்த்தால் முகம் சுருங்கும் என்று மீனை ஒரு செம்பில் எடுத்துவிட்டுத் தொட்டியைக் காலி செய்தேன். காலி செய்ததோடு நின்றிருக்கலாம். என் கைதான் சும்மா இருக்காதே. கூழாங்கல்லை எல்லாம் அரிசி களைகிற மாதிரி களைந்தேன், கண்ணாடியில் படிந்திருந்த பச்சையைத் தேங்காய் நார் வைத்துத் தேய்த்தேன், காற்றுக் குமிழி விடுகிற அந்தப் பஞ்சு கறுத்துப்போய்க் கிடந்தது, அதைக் குழாயடியில் வெள்ளையாக வரும்வரை கசக்கிப் பிழிந்தேன். அன்றைக்குத்தான் நல்ல தண்ணீர் விட்டிருந்தான். நம் ஊரில் நல்ல தண்ணீர் வருகிற நாளின் அருமை உனக்குத் தெரியும். நமக்கு ஒரு குடம் பிடிக்கும் முன்னால் முதல் தண்ணீரை மாப்பிள்ளைக்குத்தான் ஊற்றினேன், டிரம்மில் கிடந்த பழைய தண்ணீரை அதுக்கு ஊற்றலாமா என்று. பிளீச்சிங் பவுடர் வாடை லேசாக அடித்தது, அது சுத்தத்தின் வாடை என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்பா எழுந்ததும், பாருங்க எப்படிப் பளபளன்னு இருக்கு என்று பெருமையாகக் காட்டினேன். அவர் தொட்டியைப் பார்த்தார், அந்த வெள்ளைப் பஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் மீன் மேலே வந்து வாயை வாயைத் திறக்கிறது. அதற்குப் பிறகு அந்த அகலமான இலை இருக்கிறதே, நீ கட்டையில் நூல் வைத்துக் கட்டிய செடி, அதன்மேல் சாய்ந்து படுத்ததுதான், எழவே இல்லை. வாலும் துடுப்பும் நனைந்த குடையை மடக்கினாற்போல் ஒட்டிக்கொண்டன. நீலம் எல்லாம் வெளிறிச் சாம்பலாகிவிட்டது. அப்பா அப்போதிருந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. கஞ்சி கொடுத்தால் குடிக்கிறார், டம்ளரைத் தரையைப் பார்த்துக்கொண்டே நீட்டுகிறார். நீ போனில் வருகிற அந்த இரண்டு நிமிஷமும் என்னை ஏசித் தீர்த்தாலும் தாங்கிக்கொள்வேன். இவர் இப்படி இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன் அக்கா சுகிர்தாவிடம் கோவில்பட்டிக்குப் போன் போட்டு அழுதால், மீன்தானே அம்மா, வேற வாங்கிக்கிடலாம் என்கிறாள். அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைக்க. இவர் இன்னொரு மீனை ஏறிட்டுப் பார்ப்பாரா?

இன்று தபசுக் கூட்டத்துக்காக நகராட்சிக்காரன் மறுபடியும் தண்ணீர் விட்டிருக்கிறான், குழாய்ச் சத்தம் கேட்கிறது. இன்னொரு தடவை முழுசாக மாற்றினால் தெளிந்துவிடுமோ என்று தோன்றுகிறது. ஒரு வாளி பிடித்து ஊற்றிவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

மறுநாள் காலை. நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். வாளியைத் தூக்கித் தொட்டி விளிம்பில் சாய்த்தேன், அவ்வளவுதான், ஒரு கை வந்து வாளியைப் பிடித்து இழுத்தது. தண்ணீர் என் சேலை, தரை, கட்டில் எல்லாம் கொட்டிவிட்டது. அப்பா எழுந்து நிற்கிறார். ஊத்தாதட்டி, செத்துரும் என்று கத்தினார். குழறல்தான், ஆனால் தெருவுக்கே கேட்டிருக்கும். புதுத் தண்ணில மருந்து கெடக்கு, பஞ்சக் கழுவாதீங்கன்னு அவன் சொன்னாம்லா, ஒனக்குக் காது எங்கட்டி போச்சு என்றார். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்து, நெற்றியில் வேர்வையோடு. நீ கிளம்பின அன்றைக்குச் சொன்னது நான் அடுப்படியில் இருந்ததில் பாதிதான் காதில் விழுந்தது, அவர் படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டு வைத்திருக்கிறார் பார். நான் பதறிப்போய்த் தரையைத் துடைத்தேன். துடைக்கும்போதுதான் கண்ணில் பட்டது. கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் கை, வாளி விளிம்பைப் பிடித்த வாக்கிலேயே வளைந்திருந்தது. வலது கை. துணியை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன் மக்கா, அவர் பார்த்துவிடக் கூடாது என்று.

அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. குழாய்த் தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் வைத்து வாடை போன பிறகுதான் ஊற்ற வேண்டும் என்று நீ சொல்லியிருந்தாயாம். நான்தான் வாளி பிடிக்கப் போனபோதே டிரம்மைக்கூடக் கழுவிப் புதுசு நிரப்பிவிட்டேனே, பழைய தண்ணீருக்கு எங்கே போக. பக்கத்து வீட்டு மைமூனம்மாளிடம் ஓடினேன். அவர்கள் முற்றத்து அண்டாவில் போன வாரம் பிடித்தது கிடந்தது. எதுக்கு தாயி என்றார்கள், சொன்னேன். மீனுக்கா, வாளியோட கொண்டு போ, அல்லா காப்பாத்துவான் என்றார்கள். அப்பா சைகை காட்டக் காட்டப் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, அதை மெள்ள ஒரு செம்பு ஒரு செம்பாக விட்டேன். பிறகு பஞ்சைக் காட்டி, கடைக்குப் போ என்கிற மாதிரி கையை ஆட்டினார். மைமூனம்மாளை அப்பாவுக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு, நீ மீன் வாங்கின ஷாஜித் கடைக்குக் கிளம்பினேன். நேற்று என்ன நாள் என்று யோசித்துப் பார். ஒரு ஆட்டோகூட ஓடவில்லை, ரத வீதி எல்லாம் மனிதத் தலை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவனும் கிளம்பிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கையை வைத்தான். அக்கா, மீன் கழிவெல்லாம் தண்ணில விஷமாகும், அதைத் திங்கிற பூச்சி கண்ணுக்குத் தெரியாது, அந்தப் பஞ்சு அழுக்குலதான் குடியிருக்கும், நீங்க குடியோட கழுவிட்டீங்க என்றான். புற்றுமண் போட்டதையும் மறைக்காமல் சொன்னேன், ஒரு சிட்டிகை மண் ஒண்ணும் செஞ்சிருக்காது என்றான். அம்மன் மண்ணில் தப்பில்லை, என் சுத்தத்தில்தான் தப்பு. தன் தொட்டியில் கிடந்த ஒரு கறுத்த பஞ்சை அந்தத் தண்ணீரோடு பாலிதீன் பையில் கட்டி, வால் கிழிசல் ஆறக் காய்ந்த வாதாம் இலையும் இரண்டு கொடுத்தான். இதைப் போடுங்க, தினமும் கொஞ்சம் கொஞ்சமா ஆறின தண்ணிய மாத்துங்க, இன்னைக்குத் தீனி வேண்டாம், நாளைக்குத் தின்னுட்டா பயமில்ல என்றான். தின்னாவிட்டால் என்று கேட்காமலே பையை வாங்கிக்கொண்டேன்.

ஊரே அம்மனுக்குச் சுவாமி கொடுக்கிற தபசுக் காட்சி பார்க்கத் தெற்கே போகிறது, நான் ஒருத்தி அழுக்குத் தண்ணீர்ப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வடக்கே வருகிறேன். இடித்துத் தள்ளுகிறார்கள், பை உடைந்துவிடுமோ என்று உயிர் போகிறது. குருவிகுளத்துப் பக்கத்து அம்மாள் ஒருத்தி தீர்த்தமா தாயி, பிள்ளை தலையில கொஞ்சம் தெளியேன் என்று கையை நீட்டுகிறாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இந்த வருஷம் அம்மன் காட்சியை நான் பார்க்கவில்லை, அங்கே இருந்தே கும்பிட்டுக்கொண்டேன், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். வீட்டுக்கு வந்ததும் பையை அப்பா வாங்கிக்கொண்டார். என்னைத் தொடவிடவில்லை. சட்டைக் கையைச் சுருட்டிவிடச் சொல்லிக் காட்டி, வலது கையை முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள் விட்டு அவரே பஞ்சை வைத்தார். வைக்க நெடுநேரம் ஆயிற்று, வழுக்கி வழுக்கி விழுந்தது, நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

இன்று காலையில் மீன் இலையைவிட்டு இறங்கியிருக்கிறது. குமிழி பக்கத்தில் நிற்கிறது, வால் கொஞ்சம் விரிந்திருக்கிறது, நீலம் ஓரத்தில் தெரிகிறது. பிழைத்துவிட்டது என்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. அப்பா விடிந்ததிலிருந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருக்கிறார். என்னோடு ஒரு வார்த்தை இல்லை. நேற்றுக் கத்தினது வேறு, பேசுவது வேறு. கோபம் இருக்கட்டும், அந்தக் கை நின்றுவிடாமல் இருந்தால் போதும் என்று இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு சேவு பார்சலும் வருகிறது, எல்லோருக்கும் பங்கிட்டுவிட்டு நீ வெறும் டப்பாவை வைத்துக்கொண்டு உட்காராதே. ஈரக் காலுறையோடு படுக்காதே. ராத்திரி டியூட்டிக்குத் தனியாகப் போகாதே. அடுத்த லீவு எப்போது என்பதை முன்கூட்டியே எழுது. கோமதி அம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், நூறு வயசு இருப்பாய். அப்பாவுக்கு முடியாமல் போனதிலிருந்து அவர் பேரையும் நான்தான் எழுதுகிறேன், இன்றும் அப்படியே.

உன் அம்மா பொன்செல்வி,
அப்பா கோமதிநாயகத்துக்காகவும்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், அப்பா கட்டிலில் தட்டிக் கூப்பிடுகிறார். பேனாவைக் காட்டுகிறார், கடிதத்தையும் கேட்கிறார். எதற்கென்று தெரியவில்லை, கொடுத்துவிடுகிறேன். வலது கையைத்தான் நீட்டுகிறார்.

ஏலே பிரவின்
மீன் தின்னுட்டுது
அம்மய ஏசாத