ஷெர்மன் தெருவில் இரண்டு அறைகள்

இன்வுட், நியூயார்க்

அன்புள்ள யோகாஸ்தா,

உன் முதுகுவலி குறைந்ததா? மகள் மாரியேலா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் சௌக்கியம்.

ஷெர்மன் தெருவில் வீடு கிடைத்துவிட்டது! இரண்டு அறை. வாடகை எவ்வளவு ஏறலாம் என்பதை அரசே முடிவு செய்யும். உரிமையாளர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. இப்படி ஒரு வீட்டுக்காகத்தான் நான்கு வருடம் அலைந்தேன்.

சாவியைக் கொடுத்த கட்டடப் பராமரிப்பாளர் ஃபாபியோ, "ஒண்டி ஆளுக்கு ரெண்டு ரூமா? உள்ள பேஸ்பால் ஆடப் போறியா?" என்று சிரித்தார்.

"பொண்டாட்டியும் பொண்ணும் வர்றாங்கண்ணே" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "முன்னாடி இருந்த பெரியவரும் இதையேதான்பா சொல்லிட்டிருந்தாரு. இருபத்தாறு வருஷம். போன மாசம் தனியாத்தான் செத்தாரு."

நீ கவலைப்படாதே. உங்கள் இருவரின் விசா மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். மறுபடி போடலாம் என்கிறார் வக்கீல்.

சமையலறையில் அலமாரி அடிக்கப் போகிறேன். உன் கைக்கு எட்ட வேண்டும். நீ என் தோள் வரை வருவாயா, காது வரையா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கோபித்துக்கொள்ளாமல் உன் உயரத்தை அளந்து எழுது. மாரியேலாவின் உயரத்தையும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உன்
பாஸ்குவால்