நாலு மணி நேரந்தானே, வாறவ வருவா

அப்பா,

குலசேகரத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நர்ஸ் பெண், இன்று மருத்துவமனைக் கேன்டீனில் என்னிடம் போனை நீட்டினாள். "அக்கா, பாத்தியளா? ஷார்ஜாவுல இருந்து திருவனந்தபுரத்துக்கு நாலு மணி நேரந்தான். நெனச்சா போயிரலாம் இல்லியா?" திரையில் இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே வளைவாக ஒரு கோடு, அதன் கீழே தூரம், நேரம். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, உங்கள்மேல்.

நீங்களும் அந்தக் கோட்டைத்தான் நம்பினீர்கள். முதல்முறை கிளம்பும்போது நான் அழுததற்கு, "நாலு மணி நேரந்தானே மக்ளே, மெட்ராசுக்குப் போணும்னா ராத்திரி முழுக்க ரயில்ல கெடக்கணும்" என்றீர்கள். நான் லீவுக்கு வரும்போதெல்லாம், விமானம் இங்கே கிளம்பும் முன்பே அங்கே மார்த்தாண்டத்தில் காரை எடுக்கச் சொல்லிவிடுவீர்கள். அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான்.

"இப்பமே அங்க போயி என்ன செய்யப் போறிய?"

"பிளேன் முன்னாடியே வந்திட்டுன்னா எம்பிள்ள யாருமில்லாம நிக்கவா?"

விமான நிலைய வாசலில் தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி நிற்பீர்கள்; நான் வெளியே வந்ததும் முதலில் என் பையைப் பிடுங்கிக்கொள்வீர்கள். பேச்செல்லாம் பிறகுதான்.

அப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற நீங்கள்தான் நம் சர்ச்சின் சபைக் கமிட்டியில் எழுந்து சண்டை பிடித்தீர்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வந்து சேரும்வரை அடக்கத்தைத் தள்ளிவைப்பது நம் பக்கத்து வழக்கம். உங்களுக்கு அது ஆகாது. "செத்தவன ஐஸ் பெட்டியில போட்டு நாள்கணக்கா வச்சிருக்கது என்ன மரியாதடே? நான் போனா யாருக்காவயும் வைக்கப்பிடாது. காலையில போனா சாயங்காலம் அடக்கம். நாலு மணி நேரந்தானே, வாறவ வருவா."

பறக்க நாலு மணி நேரம், சரி. ஏறுவதற்கு ஒரு இடம் வேண்டாமா அப்பா? சொன்னபடியே காலையில் போனீர்கள். பள்ளி விடுமுறைக் காலம், அன்றைய விமானம் எதிலும் இடமில்லை. மேட்ரன் உடனே லீவு தந்துவிட்டார், பாஸ்போர்ட் கையில் இருந்தது, துணிப்பையும் தயார். கேட்காத ஆளில்லை. மறுநாள் விமானத்துக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. அந்த விமானம் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வந்து இறங்கியது. அதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

வெளியே அண்ணன் மட்டும் நின்றான். "அப்பா சொல்லிட்டுல்லா போனாவ. கமிட்டியில எல்லாருக்கும் தெரியும். நான் என்ன செய்வேன், ஏட்டி?" அவன்மேல் தப்பில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஈர மண்ணின்மேல் மாலைகள்கூட வாடியிருக்கவில்லை. எனக்காக அவ்வளவு நேரம் காத்து நின்ற நீங்கள், கடைசியில் ஒரே ஒரு நாள் காத்திருக்கவில்லையே.

அந்தப் பெண்ணிடம் இன்று சொன்னேன்: "தூரமெல்லாம் இருக்கட்டும் மக்ளே, எனக்காகக் காத்திருங்கன்னு வீட்டுல இப்பமே சொல்லி வையி." அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

இப்போதும் ஊருக்கு விமானம் ஏறினால், நீங்கள் வீட்டைவிட்டு இறங்கியிருப்பீர்கள் என்று மனம் கணக்குப் போடுகிறது. வெளியே வந்ததும் கம்பிக்கு அந்தப் பக்கம் தேடுகிறேன். நீங்கள் மட்டும் அங்கே நின்றால், முதலில் நல்ல சண்டை போடுவேன் அப்பா. அதற்குப் பிறகுதான் பையைக் கையில் தருவேன்.