கட்டைவிரல் ஏற்றிய கோடு

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நீ அனுப்பிய ஆராய்ச்சிப் பொருளை பார்சல் வந்த அன்றே நம் தந்தையார் ஃபிரிட்ஜைத் திறந்து ஸ்பூனும் கையுமாக முற்றுகையிட்டார். ஜெல்லி என்று நினைத்துவிட்டாராம். அம்மா விட்ட டோஸ்: “அது புள்ள கைல ஒட்டுறதுங்க. உங்க வாய்ல ஒட்டுனா எனக்கு நிம்மதிதான், ஆனா நாலே நாலுதான் இருக்கு.”

உன் ஜெல் நல்ல சாமான்தான். ஒட்டும்போது ஜில்லென்று இருக்கிறது. விரல் மடங்கினால் அதுவும் நீள்கிறது, உடனே போனில் கோடு எழும்புகிறது. விரல் படுத்தால் கோடும் படுத்துவிடும். குணத்தில் என் தம்பி.

ஒருநாள் அதை அப்பா தாடையில் ஒட்டிவிட்டேன். அவர் சாப்பிடச் சாப்பிட மலை மலையாகக் கோடு! போனை மட்டும் பார்த்த பிசியோ சார் அது என் விரல்தான் என்று நம்பி, “டேய், பிச்சு உதறுறியேடா!” என்றார். விஷயம் தெரிந்ததும் என் காதைத் திருகினார். காதில் உணர்ச்சி பிரமாதமாக இருக்கிறது, குறித்துக்கொள்.

அதற்கு மறுவாரம் என் இடது கட்டைவிரலே கோட்டை ஏற்றியது. டாக்டர் கைவிட்ட விரல்! அம்மா மாடி வீடு, கீழ் வீடு, பால்காரர் ஒருவரையும் விடவில்லை. நீயும் போனில் அழுதாய். “இனி பயமில்லடா, படிப்ப முடிச்சிட்டே வரேன்” என்று எடுத்த டிக்கெட்டை ரத்து செய்தாய். தனி ஒருவனாக விமானத்தையே நிறுத்தியவன் நான்.

மற்றபடி எல்லோரும் நலம். குளியலறைக்கு அப்பா தூக்கிக்கொண்டு போகிறார். சவாரி எனக்கு, மூச்சிரைப்பு அவருக்கு. நாலு எட்டு வைத்ததும் சுவரில் சாய்ந்து, வாட்ச்சில் மணி பார்ப்பது போல நடிக்கிறார். வாட்ச் கட்டியிருந்தால் நம்பியிருப்பேன். பள்ளிக்கூடப் பையை அம்மா பரண் மேல் ஏற்றிவிட்டாள்.

எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறதே என்று திட்டாதே. போனில் பேசலாம்தான். அம்மா பக்கத்தை விட்டு நகர்வதில்லை, அதனால்தான் கடிதம்.

அந்தக் கோடு இருக்கிறதே, அக்கா. பிசியோ சார் போனைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில், வலது கையால் இடது கட்டைவிரலைப் பிடித்து மடக்கினேன். அவ்வளவுதான். இழுபட்டது என்று மட்டும்தான் உன் ஜெல்லுக்குத் தெரியும், இழுத்தது யார் என்று தெரியாது. கொஞ்சம் ஆடவிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் அம்மா அந்த விரலுக்கு முத்தம் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? தினமும் காலையில் அவள் ஒட்டிவிட்டுச் சமையலறைக்குப் போவாள், நான் மடக்குவேன்.

இந்த வாரம் மடக்கப் பார்த்தேன். வலது கைக்குப் பிடி நிற்கவில்லை. கோடு படுத்தே கிடக்கிறது. ஜெல் காய்ந்துபோயிருக்கும் என்று அம்மா புதுசு எடுத்து ஒட்டுகிறாள். இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

அவளிடம் நான் சொல்லமாட்டேன். நீ நேரில் வந்து சொல். என்னை நாலு அறை அறைவதற்காகவாவது வா, அக்கா. சீக்கிரம் வா.

இப்படிக்கு,
சேட்டையெல்லாம் தீர்ந்துபோன
உன் வாலு