இருநூறு வயசு ஆமை

எதில்பெர்த்தோ,

காலைப் படகுல லிமோனுக்கு, அக்கா வீட்டுக்குப் போறேன். தேங்காய்ப்பால் சோறும் பீன்ஸும் சட்டியில இருக்கு. யோர்லெனி எழுந்ததும் ரெண்டு பேரும் சூடு பண்ணிச் சாப்பிடுங்க. வெளிய போனா சாவியை வாசல்ல சாத்தியிருக்கிற பழைய துடுப்புக்குப் பின்னாலயே வைங்க, போன தடவை மாதிரி படகோட கொண்டுபோயிடாதீங்க.

நேத்து உங்க மேல எரிஞ்சு விழுந்தேன். கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. பொண்ணு யோர்லெனி ஆசையா கார்ட்டூன் படம் பார்க்குறப்போ, "ஆமைக்கு ஏது பல்லு? அது எப்படிப் பல்லைக் காட்டிச் சிரிக்கும்?"னு ஆரம்பிச்சீங்க. அதுக்கு அவளும் சிரிச்சா. ஆனா அந்த ஆமை தனக்கு இருநூறு வயசுன்னு சொன்னதும், "சுத்தப் பொய். கடலாமை எழுபது, எண்பது இருந்தாலே பெரிசு"ன்னு போட்டு உடைச்சீங்க பாருங்க, அதுக்குத்தான் அப்படி அழுதா.

தூங்க வைக்கும்போது அவகிட்ட காரணம் கேட்டேன். கடற்கரையில ஆமை முட்டைக்குக் காவல் போக ஆரம்பிச்சதுலேருந்து ஊரே உங்களை 'ஆமை'ன்னுதானே கூப்பிடுது? அதனால அப்பாவும் இருநூறு வருஷம் இருப்பார்னு நெனச்சிருந்தாளாம்.

ஒனெய்தா

மறந்துட்டேன்: அவ மறுபடி கேட்டா இருநூறுன்னே சொல்லுங்க. எனக்கும் நீங்க அத்தனை வருஷம் வேணும்.